அழுக்குக்கு ஆள் தேடிய அக்கா

பிள்ளைகளே, போன வாரம் சின்னவன் முன்னறைச் சுவரில் பென்சிலால் நீளமாக ஒரு ரயில் வரைந்து வைத்தான். உங்கள் அம்மா கத்தினாள். பெரியவள் தம்பிக்குப் பரிந்து வராமல், "நான் இல்லம்மா, அவன்தான்" என்று விரலை நீட்டினாள். நான் மட்டும் குனிந்து, அந்த ரயில் தரையிலிருந்து எந்த உயரத்தில் ஓடுகிறது என்று பார்த்தேன். சரியாகச் சின்னவன் தோள் உயரம். சிரித்துக்கொண்டே ஆட்டோவை எடுக்கப் போய்விட்டேன். "அப்பா ஏன் திட்டல?" என்று சாப்பிடும்போது இரண்டு பேரும் கேட்டீர்கள். வாயால் சொன்னால் நடுவில் ஆயிரம் கேள்வி கேட்பீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்.

சுவரை அப்படிக் குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்கு ஓர் அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பேர் சொல்ல மாட்டேன். தன்னைப் பற்றி எழுதுகிறான் என்று தெரிந்தால் அவருக்குக் கூச்சமாகிவிடும். நம் காரைக்கால் தலத்தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு என் ஆட்டோவில்தான் போவார். நீங்கள் அப்போது மிகவும் சின்னப் பிள்ளைகள். அவர் முகம் உங்களுக்கு மறந்திருக்கும்.

முதன்முதலில் அவரை ஏற்றிய அன்று கூரியர் ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு நின்றார். பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். அவர் ஏறவில்லை. ஆட்டோவின் இடது பக்கத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது எங்க அடிபட்டுச்சு?"

"எங்கேயோ இடிச்சதுக்கா. ஏறுங்க."

"எங்கேயோன்னு ஒரு இடம் கிடையாதே. எங்க?"

"மீன் மார்க்கெட் சந்துல. ஐஸ் லாரிக்காரன் பின்னால வந்து இடிச்சிட்டான்."

அவர் குனிந்து விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். "பின்னால வந்திருந்தா அமுங்கியிருக்கும். இது இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. லாரி சும்மா நின்னிருக்கு, நீங்கதான் இடுக்குல நுழைஞ்சிருக்கீங்க."

நான் கிக்கரை இழுத்தேன்.

"பயப்படாதீங்க. நான் போலீஸ் இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அவர் அப்படித்தான். எந்தப் பொருளில் எந்தக் கீறலைப் பார்த்தாலும் அது யாரால் வந்தது, எப்படி வந்தது என்று தெரிந்தாக வேண்டும். பால்காரரின் கேனில் ஒரு பக்கம் மட்டும் ஏன் பளபளக்கிறது என்று கேட்பார். அது அவர் தொடையில் உரசுகிற பக்கமாம். என் காக்கிச் சட்டையில் வலது தோள் மட்டும் ஏன் வெளுத்திருக்கிறது என்று ஒருநாள் கேட்டார். நானே அதைப் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே, "மத்தியானம் எப்பவும் ஒரே இடத்துல வண்டிய நிறுத்திட்டுத் தூங்குறீங்க, வெயில் அந்தப் பக்கம் விழுது" என்றார். சிலருக்கு இது பிடிக்காது. எதிர்வீட்டு அம்மா ஒருமுறை, "எங்க வாசப்படி தேஞ்சா உங்களுக்கு என்ன போச்சு?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். ஆனால் அக்கா குற்றம் கண்டுபிடிக்கிற ஆளில்லை. அழுக்கு என்று அவர் மூக்கைச் சுளித்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்தால் ஏதோ தெரிந்தவர்களைப் பார்த்த மாதிரி ஒரு மலர்ச்சி அவர் முகத்தில் வரும்.

அந்தப் பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். பிரித்துக் காட்டினார். மேலே ஒரு படம். ரோஸ் கலர் கூரை, வெள்ளைச் சுவர், ஜன்னல் ஓரமெல்லாம் பூங்கொடி. வெளிநாட்டு வீடு. உள்ளே மெல்லிய ப்ளைவுட் தகடுகளில் கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் வெட்டி வைத்திருந்தது. பிஸ்கட் உடைப்பது போல் உடைத்து எடுத்துப் பசை போட்டு ஒட்டினால் பொம்மை வீடு. நாற்காலி என் கட்டைவிரல் நகம் அளவு இருந்தது.

"யாருக்குக்கா? தம்பி வீட்டுப் பிள்ளைங்களுக்கா?" என்று கேட்டேன். அவர் தம்பி குடும்பம் பிரான்சில் இருக்கிறது என்று வழியில் சொல்லியிருந்தார்.

"எனக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"ஆனா இப்படிப் பளிச்சுன்னு கட்டப் போறதில்ல தம்பி. இதப் பழசாக்கணும். நம்ம ஊர்ல நூறு வருஷம் மழையில நின்ன வீடாட்டம் ஆக்கணும். அதுக்குத்தான் யோசிக்கணும்."

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "புதுசா வாங்கிப் பழசாக்குறாங்களா? நம்ம வீட்ட வந்து பாக்கச் சொல்லுங்க. தன்னாலயே ஆயிருக்கு" என்றாள்.

பல மாதம் அந்த வீட்டில் ஒரு துண்டுகூட ஒட்டப்படவில்லை. திட்டம் மட்டும் நடந்தது. பூசைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போதெல்லாம், "மேல வந்து பாத்துட்டுப் போங்க தம்பி" என்பார். ஜன்னல் கட்டை முழுக்க ஐஸ்கிரீம் குச்சிகள் வரிசையாக இருக்கும். ஒன்றை டீ டிக்காஷனில் நனைத்திருப்பார். இன்னொன்றை வினிகரில் ஆணி ஊறப்போட்ட தண்ணீரில் நனைத்திருப்பார். அது நாளாக ஆகச் சாம்பல் நிறமாகி, உப்புக்காற்றில் கிடந்த படகுப் பலகை போல் ஆகிவிடும். ஒரு குச்சியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மேலே நீலப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பார். மெழுகு இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்துவரும். பார்த்தால் பழைய ஜன்னல் கதவு. இதெல்லாம் அவர் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆனால் அந்த வீடியோக்காரர்கள் மேல் அவருக்குக் கோபம்.

"பாருங்க தம்பி, ஸ்பாஞ்சுல பிரவுன் கலரத் தொட்டு வீடு பூரா ஒத்தி எடுக்குறான். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அழுக்கு. எந்த ஊர் வீட்டுல அப்படி இருக்கும்? அழுக்குன்னா அதுக்கு ஒரு ஆள் வேணும்."

ஆள் இல்லாமல் ஒரு கீறல்கூட அந்த வீட்டில் விழக்கூடாது என்று முடிவு பண்ணியிருந்தார். அதனால் வீட்டைக் கட்டுவதற்கு முன்னால் அதில் குடியிருப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கீழே ஒரு பெரியவர். சாப்பிட்டதும் நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் பேப்பர் படிப்பார். ஆகவே அந்தச் சுவரில் அவர் தலை எண்ணெய் வட்டமாகப் படிந்திருக்கும். அவர் சம்சாரத்துக்கு முட்டி வலி. மாடிப்படிக் கைப்பிடியில் அவர் பிடிக்கும் இடம் மட்டும் கறுத்திருக்கும். அதுவும் கீழ் பாதியோடு சரி, மேலே அவர் ஏறுவதே இல்லை. காற்று கிழக்கே கடலிலிருந்து வருவதால் அடுப்புப் புகை மேற்குச் சுவரில்தான் படியும். ஒருநாள் உங்கள் அம்மாவுக்கே போன் போட்டு, "தாளிக்கும்போது எண்ணெய் சுவத்துல எவ்வளவு உயரத்துக்குத் தெறிக்கும்மா?" என்று கேட்டார். கேலி பேசிய உங்கள் அம்மா, போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படியில் போய் முழம் போட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் அவளே, "மிளகாய் வத்தல் போட்டா இன்னும் மேல போவும்னு சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லி அனுப்பினாள்.

வாசலுக்குப் பக்கத்து அறையில் யாரை வைக்கலாம் என்று கேட்டார். நான் விளையாட்டாக, "ஒரு ஆட்டோக்காரன வைங்கக்கா" என்றேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைங்க இருக்கா?" என்றார். "ரெண்டு" என்றேன். மறுவாரம் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிவரச் சொன்னார். ஆளுக்கு ஒரு கேசரிக் கிண்ணம் கொடுத்துவிட்டு, சுவர் பக்கம் நிற்க வைத்து, கையைத் தூக்கினால் எங்கே எட்டுகிறது என்று பார்த்துக்கொண்டார். அந்தப் பொம்மை வீட்டின் வாசல் அறையில், தரையிலிருந்து விரற்கடை உயரத்துக்கு மட்டும் பென்சில் கிறுக்கல் இருக்கிறது. அதற்கு ஆள் நீங்கள்தான். கேசரிக் கையைத் துடைத்த அடையாளம்கூட இருக்கிறது.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று ஒருமுறைதான் அவராகச் சொன்னார். அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல். பிறகு தன் வேலையிலும் குவார்ட்டர்ஸ், வாடகை வீடு என்று மாறிக்கொண்டே இருந்தாராம். "ஒவ்வொரு வீட்டையும் காலி பண்ணும்போது சுண்ணாம்பு அடிச்சுக் கொடுத்துட்டுத்தான் வருவோம் தம்பி. நாங்க இருந்தோம்கிறதுக்கு ஒரு எண்ணெய்ப் பிசுக்குகூட எங்கேயும் கிடையாது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஒரு குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

உள்ளே ஆள் கிடைத்துவிட்டது. வெளிச் சுவருக்குத்தான் யோசனை ஓடவில்லை. மழை எப்படி ஒரு சுவரைப் பழசாக்கும் என்று நேரில் பார்க்க வேண்டும் என்றார். அப்படித்தான் அவரும் நானும் காரைக்கால் டவுனுக்குள் பழைய தெருக்களில் சுவர் பார்க்கப் போக ஆரம்பித்தோம். நான் இருபது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு எல்லாம் ஆள் ஏற்றியிருக்கிறேன். சுவருக்கு ஏற்றியது அதுதான் முதல் தடவை.

ஒரு வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, இறங்காமல் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். இறங்கி டயரைத் தட்டிப் பார்ப்பது போல நடிப்பேன். ஒரு வீட்டில் லுங்கியோடு வந்த ஒருத்தர், "என்னம்மா, வீட்டு வரியா?" என்றார். "இல்லங்க, சும்மா சுவத்தப் பாக்குறேன்" என்று அக்கா உண்மையைச் சொன்னார். லுங்கிக்காரர் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் ஜனங்கள் நம்புவதில்லை.

கடைசியில் ஒரு தெருவில் அவருக்குப் பிடித்த வீடு கிடைத்தது. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து, பல வருஷ மழை சுவரிலேயே வழிந்திருந்தது. மேலே கறுப்பு, நடுவில் பாசியின் கரும்பச்சை, ஓரத்தில் மஞ்சள். ஏதோ ஒரு நாட்டின் மேப் போல இருந்தது. அக்கா ஆட்டோவை விட்டு இறங்கியே விட்டார். "தம்பி, இதுதான்" என்றார். பக்கத்தில் போய் நகத்தால் தொட்டார். பிறகு மரக்கதவைப் பார்த்தார். ஒரு கதவு வெளுத்தும், இன்னொரு கதவு கைபட்டுக் கறுத்தும் இருந்தது.

அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார். அம்பது வயது இருக்கும். அவர் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். பெரிய பெண் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. சின்னப் பெண் அப்போது பள்ளிக்கூடம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்கா வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார்.

"வீடு கட்டி எத்தனை வருஷம் இருக்கும்ங்க?"

"மாமனாரோட அப்பா காலத்துது. ஏங்க?"

"சும்மாத்தான். இந்தக் கதவுல இப்படிக் கை வெச்சுத் தள்றது யாருங்க?"

"எங்க பெரிய பொண்ணாத்தான் இருக்கும். அதுதான் காலையில மொதல்ல கிளம்பும்."

"என்ன வயசாவுது?"

அந்த அம்மா முகம் மாறியது. தலையை லேசாகச் சரி பண்ணிக்கொண்டு, "உள்ள வாங்களேன், காபி சாப்பிடலாம்" என்றார். அக்கா, "இன்னொரு நாள் வர்றேங்க. கண்டிப்பா வருவேன்" என்றார். சொன்ன மாதிரி மறு வாரமும் போனோம். அன்று அக்கா, பெரிய பெண் எத்தனை மணிக்கு எழுந்திரிக்கும், சமையல் செய்யுமா, மாடிக்கு யார் துணி காயப்போடப் போவார்கள் என்றெல்லாம் கேட்டார். படிக்கட்டு எங்கே தேயும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த வீட்டு ஆட்களுக்கு அது எப்படித் தெரியும்?

நடுவில் ஒருநாள் டீக்கடையில் அந்த வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, உங்க ஆட்டோவுல வர்ற அம்மாவுக்கு பிரான்ஸ்ல சொந்தம் இருக்கா?"

"காரைக்கால்ல யாருக்குங்க இல்ல? தம்பி குடும்பமே அங்கதான்."

"பையன் இருக்கானா தம்பிக்கு?"

"இருக்காப்ல. முப்பது ஆவப்போவுது, கல்யாணத்துக்குப் பிடி கொடுக்க மாட்டேங்குறான்னு அக்கா பொலம்பும்."

அவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

மூன்றாவது தடவை அக்கா பொம்மை வீட்டின் சுவர்த் தகடு ஒன்றைப் பையில் போட்டு எடுத்து வந்தார். அந்தப் பாசி நிறத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க. தெருவுக்குள் திரும்பியதும், "தெரு மாறி வந்துட்டீங்க தம்பி" என்றார்.

"இல்லக்கா. அதே தெருதான்."

வீடு முழுக்கக் கிளிப்பச்சை. ஓரமெல்லாம் காப்பி கலர் பட்டை. உடைந்த குழாய் போய்ப் புதுக் குழாய் வந்திருந்தது. கதவுக்கு வார்னிஷ் அடித்து முகம் தெரிந்தது. அந்த மேப் இருந்த இடத்தில் பாசியின் தூசிகூட இல்லை. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குள் கதவு திறந்தது. அந்த அம்மா பட்டுப்புடவையில் நின்றார். "வாங்க, வாங்க. டிரைவர் தம்பியும் வாங்க, ஏன் வெளியவே நிக்குறீங்க?"

டிரைவரையும் உள்ளே கூப்பிட்டபோதுதான், டீக்கடையில் வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்தது ஏன் என்று உறைத்தது.

கூடத்தில் கேக், மிக்சர், காபி. பெண்ணின் தாய்மாமா நெடுங்காட்டிலிருந்து வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மல்லிகைப்பூ வைத்து, தட்டை ஏந்திக்கொண்டு வந்து அக்கா முன்னால் நீட்டியது. அக்கா ஒரு டம்ளரை எடுத்தார். தாய்மாமா தொண்டையைச் செருமிவிட்டு, "மாப்ள போட்டோ கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிள்ளைகளே, நானாக இருந்தால் 'போட்டோ அடுத்த தடவை' என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, அந்தத் தெருப் பக்கமே அப்புறம் போயிருக்க மாட்டேன். அக்கா காபியைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளைன்னு யாரும் இல்லங்க. நான் உங்க வீட்டுச் சுவத்தப் பாக்கத்தான் வந்தேன்."

அக்கா பையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து, பொம்மை வீடு, பழசாக்குவது, மழை, பாசி என்று எல்லாவற்றையும் சொன்னார். மாடியில் உட்கார்ந்து பேசும்போது நன்றாக இருந்த விஷயம், அந்தக் கூடத்தில் சொல்லும்போது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. தாய்மாமா எழுந்துவிட்டார். "பொம்மை வீடா? பொம்மை வீட்டுக்கா எங்க பொண்ணு எத்தனை மணிக்கு எந்திரிக்கும்னு கேட்டீங்க?" வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆள் வைக்காமல் அவரே அடித்திருக்கிறார்.

அந்த அம்மாதான் பேசினார். சத்தம் போடவில்லை. "நீங்க தொட்டுத் தொட்டுப் பாத்தீங்களே, அந்தப் பாசி. அது எங்க பொண்ணுக்கு வந்த ரெண்டு சம்பந்தத்தத் திருப்பி அனுப்பிச்சிது. ஒருத்தவங்க வாசல்லயே நின்னு, வீடு ஒழுகுமோன்னு கேட்டாங்க. இன்னொருத்தவங்க கூடத்துல உக்காந்து சுவத்தையே பாத்தாங்க. இது காபி கொண்டாந்து நிக்குது, நிமிந்துகூடப் பாக்கல. நீங்க ஒருத்தர்தான் வந்து எங்க பொண்ணப் பத்திக் கேட்டீங்க."

அக்கா முகத்தை நான் அதற்கு முன்னும் அப்படிப் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பாசிக்கு ஆள் மழைதான்னு நெனச்சு அதோட விட்டுட்டேன். அதால யாருக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. இந்தப் புதுப் பெயிண்டுக்கு ஆள் நான்தான். மன்னிச்சிருங்க."

தாய்மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆன்ட்டி, காபி ஆறுது, குடிங்க" என்றது. பிறகு, "கதவுல கறுப்பா இருந்துச்சே, அது என் கையின்னு அம்மா சொன்னாங்களாமே. அது நான் இல்ல. அப்பா. தெனமும் கடைச் சாவிய மறந்துட்டுப் போயி, பாதி வழியில திரும்பி வந்து கதவத் தள்ளுவாங்க" என்றது.

வீட்டுக்காரர் நிமிர்ந்து, "என்னைக்கோ ஒருநாள் மறந்திருப்பேன்" என்றார்.

"இன்னிக்குக் காலையில?" என்றது அந்தப் பெண்.

தாய்மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா காபியைக் குடித்தார். ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது கேக் தட்டை ஒரு கிண்ணத்தால் மூடிக்கொண்டிருந்தார். போய் வாருங்கள் என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் சில வாரம் அக்கா என்னைக் கூப்பிடவில்லை. பூசைக்கு நடந்தே போனார் என்று கேள்விப்பட்டேன். அந்த வேலையை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "விட மாட்டாங்க, பாருங்க" என்றாள் அவள்.

ஒருநாள் போன் வந்தது. போனேன். மேசை மேல் வீடு எழுந்து நின்றது. அத்தனை மாதத் திட்டமும் அதில் இருந்தது. பெரியவரின் தலை எண்ணெய் வட்டம், கைப்பிடியின் கறுப்பு, மிளகாய் வற்றல் போட்ட உயரத்துக்குத் தெறித்த எண்ணெய், உங்கள் கிறுக்கல். முன் சுவரில் உடைந்த குழாய், அதன் கீழே அந்தப் பாசி, அதே கறுப்பு, அதே கரும்பச்சை, ஓரத்தில் அதே மஞ்சள். மூக்கை வைத்தால் ஈர வாடை வரும் போல இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். கிளிப்பச்சை. பிரஷ்ஷைத் தொட்டு, அந்தப் பாசியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார்.

"அக்கா, என்னக்கா பண்றீங்க?"

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்."

"இவ்வளவு நாள் கஷ்டப்பட்டுப் பழசாக்கிட்டு?"

"பொண்ணு பாக்க வர்றாங்க தம்பி. பாசியோட விட முடியுமா?" என்றார். கை நிற்கவில்லை. முன் சுவர் முழுக்க அடித்து, காப்பி கலர் பட்டையும் போட்டார். உள்ளேயும் பின் பக்கமும் தொடவில்லை. அது எல்லாம் நூறு வருஷத்து அழுக்கோடு அப்படியே இருந்தது. முகம் மட்டும் புதுசு. முதலில் எனக்கு மனசு ஆறவில்லை. பிறகு பார்க்கப் பார்க்க, நம் ஊரில் உண்மையான பழைய வீடு இப்படித்தானே இருக்கிறது என்று தோன்றியது. அதை அவரிடம் சொன்னேன். "அதத்தான் நானும் பாக்கத் தவறிட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலமே அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார். அந்தத் தெருவுக்குப் போகச் சொன்னார். வேகத்தடை ஒவ்வொன்றிலும் நான் நடந்து போவது போல் வண்டியை ஏற்றி இறக்கினேன். அந்த அம்மா கதவைத் திறந்து, வாசலிலேயே நின்று பார்த்தார். உள்ளே கூப்பிடவில்லை. அக்கா வீட்டைத் திருப்பி முன் சுவரைக் காட்டினார். அந்த அம்மா குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். எண்ணெய் தெறித்த இடத்தில் விரல் வைத்தார். அப்புறம் முன் சுவரின் ஓரத்தைக் காட்டி, "பெயிண்ட் அடிச்சீங்க, கொழாய மாத்தலையே" என்றார். "ஒடஞ்ச கொழாய வெச்சுக்கிட்டு எத்தனை தடவை அடிச்சாலும் திரும்பப் பாசி புடிக்கும். மொதல்ல அத மாத்துங்க."

"மாத்திடுறேங்க" என்றார் அக்கா.

"உள்ள வாங்க. வாசல்ல நிக்காதீங்க."

நான் அன்று வெளியேதான் நின்றேன். அவர்கள் பேசி முடிக்க நேரமானது. சிரிப்புச் சத்தம் ஒரு தடவை கேட்டது. அது யாருடையது என்று தெரியவில்லை.

அந்தப் பெரிய பெண்ணுக்கு நெடுங்காட்டில் கல்யாணம் ஆனது. தாய்மாமா கொண்டுவந்த சம்பந்தம். பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பார்த்து, நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பெண்ணிடம் பேசினார்களாம். மாப்பிள்ளைக்கு நிலம் உண்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சந்தோஷமாக இருப்பார். நாமும் கல்யாணத்துக்குப் போனோம். சின்னவன் ஐஸ்கிரீமைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அக்கா அந்தச் சட்டையைப் பார்த்து, "எந்தக் கையில சாப்பிட்டான்னு தெரியுது" என்றார்.

அக்கா இப்போது புதுச்சேரியில், தன்னோடு வேலை பார்த்த சிநேகிதி வீட்டுப் பக்கம் குடியிருக்கிறார். பொம்மை வீட்டைப் பஞ்சு வைத்துச் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். எப்போதாவது போன் பண்ணுவார். நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பதற்கு முன்னால், ஆட்டோவில் புதிதாக எங்கேயாவது இடித்தேனா என்று கேட்பார். இடித்திருந்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன். போனிலேயே கண்டுபிடித்துவிடுவாரோ என்று ஒரு பயம்தான்.

இந்த ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம், சவாரி இறக்கிவிட்டு அந்தத் தெரு வழியாகத் தனியாக வந்தேன். மறுநாள் சின்னப் பெண்ணைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று வீட்டுக்காரர் டீக்கடையில் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் புதிதாக மறுபடி பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் பள்ளத்தைக் கவனிக்கவில்லை. சக்கரம் இறங்கி, சேற்றுத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு அந்தச் சுவரில் அடித்தது. தெருவில் யாரும் இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். சீட்டுக்கு அடியிலிருந்த தண்ணீர் கேனை எடுத்து, தோளில் கிடந்த துண்டை நனைத்து, சுவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு புள்ளி இல்லாமல் துடைத்தேன். பிறகு துண்டைப் பிழிந்து கண்ணாடிக் கம்பியில் போட்டுவிட்டு, உள்ளே தூங்குகிறவர்களுக்குச் சத்தம் கேட்காமல் இருக்க, வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் ஸ்டார்ட் செய்தேன்.